அடுத்த கப்பல் எப்போது? லிட்டில் அந்தமானும் லாங் ஐலேண்டும்

லிட்டில் அந்தமானில் விமான நிலையம் கிடையாது. போர்ட் பிளேரிலிருந்து கப்பல் உண்டு, ஹெலிகாப்டர் உண்டு. ஹெலிகாப்டரில் நோயாளிகளுக்குத்தான் முதல் இடம். ஆகவே முதுகுப் பையை மாட்டிக்கொண்டு போகிற நமக்குக் கப்பல்தான். கடல் பொங்கினால் அதுவும் ஓடாது. பழுதுபார்க்கப் போய்விட்டால் வேறு கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"அந்தமான் போறோம், ஹேவ்லாக், நீல் தவிர வேற எங்க போகலாம்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுவரை வாட்ஸப்பில் துண்டு துண்டாகப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன். நான் தங்கியிருந்த லிட்டில் அந்தமானையும் லாங் ஐலேண்டையும் பற்றி முழுதாக இங்கே எழுதிவிடுகிறேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது எல்லாம் இதில் இருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிற ஒரு விஷயமும் இருக்கிறது. நமக்கு அழகாகத் தெரிகிற தூரம் அங்கே வாழ்கிறவர்களுக்கு அன்றாடப் பாடு. அதை மனதில் வைத்துக்கொண்டு போகிறவருக்குத்தான் அந்தத் தீவுகள் பிடிபடும் என்று நம்புகிறேன்.

பெயர்க் குழப்பம் வராமலிருக்க ஒரு குறிப்பு. ஹேவ்லாக் 2018-ல் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு ஆனது. போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஜெட்டியிலும் கடைத்தெருவிலும் இன்னும் பழைய பெயர்கள்தான் புழங்குகின்றன என்பதால் இங்கேயும் அவற்றையே எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து ஃபீனிக்ஸ் பே வரை

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் கடல் வழியாகச் சுமார் 1,200 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். நான் கப்பலில் போனேன். பங்க் வகுப்பில் அடுக்கடுக்காகப் படுக்கைகள் இருக்கும். மேல் வகுப்புகளில் கேபின் கிடைக்கும். நேரமும் கடலைத் தாங்கும் வயிறும் இருந்தால் ஒரு முறையாவது கப்பலில் போங்கள். மூன்று நாள் முழுக்கத் தண்ணீரை மட்டுமே பார்த்துவிட்டுப் போய் இறங்கும்போதுதான், "மெயின்லேண்ட்" என்று அந்தமான்காரர்கள் சொல்லும்போது எவ்வளவு தொலைவை மனதில் வைத்துச் சொல்கிறார்கள் என்பது உறைக்கும்.

கப்பலில் என்னோடு வந்தவர்களில் சுற்றுலாப் பயணிகள் குறைவு. திருமணத்துக்கு ஊர்ப்பக்கம் வந்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள், கட்டட வேலைக்குப் போகும் ராமநாதபுரத்து ஆட்கள், விடுமுறை முடிந்து போகும் கல்லூரிப் பிள்ளைகள் என்று தமிழ்ச் சத்தம் ஓயவே இல்லை. அந்தமான் நிக்கோபாரில் வங்காளிகளுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பவர்களில் தமிழர்களும் உண்டு. போர்ட் பிளேர் ஜங்கிலிகாட் சந்தையில் தமிழிலேயே காய்கறி வாங்கிவிடலாம். 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திருப்பியனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒரு பகுதியை நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியேற்றினார்கள். அந்தத் தீவுக்கு நாம் நினைத்தபடி போக முடியாது. நிக்கோபார் முழுவதுக்கும் தனி அனுமதி வேண்டும். லிட்டில் அந்தமானுக்கும் லாங் ஐலேண்டுக்கும் இந்தியர்களுக்கு அப்படி எதுவும் தேவையில்லை. பழங்குடிகளுக்கு ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் மட்டும் காலெடுத்து வைக்கக்கூடாது.

தீவுகளுக்கிடையே ஓடும் அரசுக் கப்பல்கள் போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து புறப்படும். லிட்டில் அந்தமானில் கப்பல் போய்ச் சேரும் ஊரான ஹட் பேக்கான டிக்கெட் கப்பல் கிளம்பச் சில நாள் முன்புதான் திறக்கும். விடியற்காலையிலேயே வரிசை சேர்ந்துவிடும். தீவுவாசிகளிடம் ஐலேண்டர் கார்டு இருக்கும். அவர்களுக்குக் கட்டணம் குறைவு. என் முன்னால் நின்ற பெரியவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர், ஹட் பேயில் மளிகைக் கடை வைத்திருப்பவர். மனைவியைப் பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளைக்குத் தம்பி போறீங்க?"

"இன்னும் முடிவு பண்ணலைங்க ஐயா. பிடிச்சிருந்தா இருக்கலாம்னு..."

"நல்லா இருங்க. ஆனா திரும்புறதுக்கு டிக்கெட்ட மட்டும் ரெண்டு நாள் முன்னாடியே வந்து பார்த்துருங்க. எங்களுக்கு இது டவுன் பஸ் மாதிரி. இது நின்னா ஊரே நின்னுடும்."

அவர் சொன்னதன் முழு அர்த்தம் அடுத்து வந்த நாட்களில்தான் விளங்கியது.

டங்கன் கணவாய் தாண்டி

போர்ட் பிளேரிலிருந்து ஹட் பே ஏழு மணி நேரம் போலப் பிடிக்கும். கப்பலுக்குக் கப்பல் இது மாறும். ரட்லண்ட் தீவு கடக்கும்வரை கடல் அமைதியாக இருந்தது. டங்கன் கணவாய்க்குள் நுழைந்ததும் கப்பல் ஆடத் தொடங்கியது. வழியில் பிரதர்ஸ், சிஸ்டர்ஸ் என்று ஆளில்லாத குட்டித் தீவுகள் தெரியும். மேல்தளத்தில் நின்றால் பறவைமீன்கள் கூட்டமாக எழும்பித் தண்ணீரை ஒட்டியே பறந்து விழுவதைப் பார்க்கலாம். வாந்தி வரும் உடம்பு என்றால் புறப்படுவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு, கப்பலின் நடுப்பகுதியில் இடம் பிடியுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

கப்பலின் அடிப்பகுதியில் ஏற்றியிருந்த சரக்கைப் பார்த்தாலே தீவில் என்ன இல்லை என்பது தெரிந்துவிடும். வெங்காய மூட்டை, உருளைக்கிழங்கு, முட்டை அட்டைகள், மருந்துப் பெட்டிகள், பள்ளி நோட்டுகள், மோட்டார் சைக்கிள் டயர்கள். இந்தத் தீவுகளில் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில்தான் ஓடுகிறது. அந்த டீசலும் கடல் வழியாகத்தான் வர வேண்டும். தங்கும் அறையில் நாம் போடும் ஒவ்வொரு ஃபேனுக்கும் பின்னால் ஒரு கப்பல் இருக்கிறது என்று அன்று முதல் நினைத்துக்கொள்ளத் தொடங்கினேன்.

ஒரே சாலை

ஹட் பேயில் இறங்கினால் ஜெட்டி, சந்தை, வங்கி, மருத்துவமனை, அங்கிருந்து கிழக்குக் கரையை ஒட்டியே வடக்கே போகும் ஒரு சாலை. ஊர்களைப் பெயரைவிட ஜெட்டியிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்று சொல்வதுதான் வழக்கம். நேதாஜி நகர் பதினொன்று, பட்லர் பே பதினான்கு. பஸ் நடத்துனரும் எண்ணைத்தான் கேட்பார். வாடகைக்கு ஸ்கூட்டர் கிடைக்கும். சைக்கிள் கிடைத்தால் அதுவே போதும், சாலை பெரும்பாலும் சமதளம்தான்.

தங்குவதற்குப் பெரிய ஓட்டல்கள் கிடையாது. சந்தைப் பக்கம் சாதாரண லாட்ஜுகளும், கடற்கரைப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் மூங்கிலும் மரமும் வைத்துக் கட்டிய குடில்களும் இருக்கின்றன. நான் குடிலில் தங்கினேன். வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் மாஷி என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய பெற்றோர் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். 1960-களின் இறுதியிலிருந்து இங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றப்பட்ட குடும்பங்களில் ஒன்று. அவர்களை இங்கே "செட்லர்" என்கிறார்கள். கொட்டைப்பாக்கு, தென்னை, வாழை, பின்கட்டில் ஒரு குளம், அதில் மீன். முற்றத்தில் எப்போதும் பாக்கு காய்ந்துகொண்டிருக்கும். என்னுடைய அரைகுறை இந்தியும் அவருடைய அந்தமான் இந்தியும் எப்படியோ ஒத்துப்போயின.

காலையில் பூரியோ ரொட்டியோ, கூடவே உருளைக்கிழங்குக் கறி. மதியம் சோறு, பருப்பு, கடுகெண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய், மீன் குழம்பு. வஞ்சிரம் கிடைத்த நாளில் வஞ்சிரம், இல்லையென்றால் குளத்து மீன். "இன்னிக்கு என்ன வேணும்?" என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வீட்டில் என்ன இருக்கிறதோ அதைச் சாப்பிடுவது தீவில் விருந்தாளிக்குரிய முதல் ஒழுங்கு என்பது என் கருத்து.

இங்கே பொழுது சீக்கிரம் விடிந்து சீக்கிரம் சாயும். கடிகாரம் இந்திய நேரம் காட்டினாலும் தீவு கிழக்கே வெகுதூரத்தில் இருப்பதால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஐந்தரைக்கு இருட்டு. அதிகாலை ஐந்தரைக்கு எழுந்துகொள்ளப் பழகினால்தான் நாள் கிடைக்கும்.

பட்லர் பேயும் காடும்

பட்லர் பே நீண்டு வளைந்த மணற்கரை. பல நாள் காலையில் அங்கே இருந்த ஒரே ஆள் நான்தான். அலைச்சறுக்கு விளையாட்டுக்காரர்கள் இந்தத் தீவைத் தேடி வருவதற்குக் காரணம் உண்டு. இந்தியப் பெருங்கடலின் நீண்ட அலைகள் தடையில்லாமல் வந்து தீவின் பவளப்பாறைகளில் உடைகின்றன. குமாரி பாயிண்ட், ஜாரவா பாயிண்ட் என்று அவர்கள் பெயர் வைத்திருக்கும் இடங்கள் தேர்ந்தவர்களுக்கானவை. பட்லர் பேயின் அலைகள் கற்றுக்கொள்கிறவர்களையும் ஏற்றுக்கொள்ளும்.

நீந்துவதற்கு முன் உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள். இது மிக முக்கியம். உவர்நீர் முதலைகள் இந்தத் தீவுகளில் இருக்கின்றன. ஓடைகள் கடலில் சேரும் முகத்துவாரமும் அலையாத்திக் காடும் அவற்றின் இடம். எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதன்படி நடங்கள். பலகை இல்லாவிட்டாலும் ஓடை வாயருகே இறங்காதீர்கள். இருட்டிய பிறகு தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம். இன்னொரு தொல்லை மணல் ஈ. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கடித்த இடம் நாட்கணக்கில் அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதும், ஈரமணலில் உட்காராமலிருப்பதும்தான் அங்கே எல்லோரும் செய்வது.

சாலையின் உட்பக்கம் திரும்பினால் செம்பனைத் தோட்டம் வரும். 1970-களில் மழைக்காட்டை வெட்டி அரசு நிறுவனம் ஒன்று நட்ட தோட்டம், சுமார் 1,600 ஹெக்டேர். வரிசை பிசகாத மரங்களுக்கிடையே நடந்தால் பறவைச் சத்தம் குறைவாக இருப்பது உடனே தெரியும். ஒயிட் சர்ஃப் அருவிக்குப் போகும் வழியில் காடு மறுபடி தொடங்குகிறது. குர்ஜன் மரங்கள் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்கின்றன, கொடிகள் பின்னிக் கிடக்கின்றன, சில்வண்டு இரைச்சல் காதை நிறைக்கிறது. தோட்டத்தையும் காட்டையும் ஒரே காலையில் அடுத்தடுத்து நடந்து பார்த்தால், ஒரு தீவு எதை இழக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியிருக்காது. அந்தமானில் காடு வெட்டும் தொழிலுக்கு 2002-ல் உச்ச நீதிமன்றம் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. அந்த உத்தரவால்தான் இன்று நாம் பார்க்கும் காட்டில் கணிசமான பகுதி மிஞ்சியிருக்கிறது.

ஓங்கேக்களின் தீவு

லிட்டில் அந்தமான் ஓங்கே பழங்குடியினரின் தீவு. மற்றவர்கள் வந்து சேர்ந்தது 1960-களின் இறுதியிலிருந்துதான். 1901 கணக்கெடுப்பில் ஓங்கேக்கள் 672 பேர் என்று மதிப்பிட்டார்கள். 2011-ல் 101 பேர். அவர்கள் இன்று டுகாங் கிரீக் பகுதியில், சட்டத்தால் ஒதுக்கப்பட்ட காட்டில் வாழ்கிறார்கள். தீவின் தென்பகுதியில் ஹர்மிந்தர் பேயில் கார் நிக்கோபாரிலிருந்து குடியேற்றப்பட்ட நிக்கோபாரிகளின் ஊர் இருக்கிறது. ஓங்கே பகுதிக்குள் போவது குற்றம். அங்கே கூட்டிப்போவதாக யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். பார்க்க வேண்டும் என்ற ஆசை இயல்பானதுதான், ஆனால் நூற்றுச் சொச்சம் பேர் மட்டுமே மிஞ்சியிருக்கும் ஒரு சமூகத்துக்கு நம்முடைய சளிக்காய்ச்சல்கூட ஆபத்து. நம் ஆசைக்கு விலை கொடுக்கப்போவது அவர்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமி ஹட் பேயை நொறுக்கியது. ஜெட்டிப் பக்கத்து அலைதடுப்புச் சுவர் சிதைந்தது, கரையோரக் குடியிருப்புகள் போயின. டுகாங் கிரீக்கின் ஓங்கேக்கள் கடல் உள்வாங்கியதைப் பார்த்ததும் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள், பிழைத்துக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு அது. மாஷியின் குடும்பமும் அன்று காட்டுக்குள் ஓடியதாம். சில இரவுகள் மரத்தடியில் படுத்திருக்கிறார்கள். பிறகு தகரக் கொட்டகை, அப்புறம்தான் வீடு. "கப்பல் வந்த அன்னைக்குத்தான் அழுதோம், அதுவரைக்கும் அழக்கூட நேரமில்லை" என்று சொல்லிவிட்டு அவர் அடுப்பைப் பார்க்கப் போனார்.

கப்பல் நின்ற நாட்கள்

நான் இருந்தபோது வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. காற்று ஏறியது, மழை கொட்டியது, கப்பல் ரத்து என்று செய்தி வந்தது. முதல் நாள் யாரும் பெரிதாகப் பேசவில்லை. அடுத்த நாளே சந்தையில் தக்காளியைக் காணோம். வெங்காயம் விலை ஏறியது, முட்டை தீர்ந்தது. மளிகைக் கடைப் பெரியவர் ஆளுக்கு அரைக் கிலோதான் என்று வெங்காயத்தைப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வெளியூர்க்காரங்களுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி, ரெண்டு நாள் லீவ சேத்துப் போட்டுக்குவீங்க. எங்க தெருவுல ஒரு பொண்ணுக்கு மாசம் முடியுது. டாக்டரு போர்ட் பிளேர் போகச் சொல்லிட்டாரு. ஹெலிகாப்டரு மேகம் கலைஞ்சாத்தான் வருமாம்."

தீவின் மருத்துவமனையில் பார்க்க முடியாத நோயென்றால் போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். வானம் தெளிந்ததும் முதலில் ஹெலிகாப்டரின் சத்தம் கேட்டது. அந்தப் பெண் போய்ச் சேர்ந்தாள், பிள்ளை பிறந்தது என்ற செய்தியைக் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

உலகத்திலிருந்து துண்டித்துக்கொண்டு வாழ ஆசை என்று நாம் சொல்கிறோம். துண்டித்துக்கொள்வதற்கு நமக்கு வசதி இருக்கிறது, திரும்பவும் சேர்ந்துகொள்ளவும் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு அது விருப்பமாகக் கிடைத்ததில்லை. 2020 ஆகஸ்டு 10 அன்று சென்னையிலிருந்து வரும் கடலடி இணையக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். போர்ட் பிளேரோடு ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், லாங் ஐலேண்ட், ரங்கத் முதலிய இடங்களையும் அது இணைக்கிறது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பியிருந்த காலத்தில் ஒரு கல்லூரி விண்ணப்பம் அனுப்பப் பிள்ளைகள் ராத்திரி முழுக்கக் கண்விழித்ததை மாஷியின் மகன் சொன்னான். "நெட் வந்ததால் தீவின் அழகு போய்விட்டது" என்று ஒரு பயணி என்னிடம் வருத்தப்பட்டார். எனக்கு அந்த வருத்தம் இல்லை. அந்தப் பையன் இப்போது வீட்டிலிருந்தபடியே தேர்வுக்குப் படிக்கிறான்.

லாங் ஐலேண்ட்

லிட்டில் அந்தமானிலிருந்து போர்ட் பிளேர் திரும்பி, லாங் ஐலேண்டுக்குப் போனேன். இரண்டு வழிகள் உண்டு. அந்தமான் டிரங்க் ரோடு வழியாக ரங்கத் போய், ஏரட்டா ஜெட்டியிலிருந்து அலையாத்தி ஓடை வழியே படகில் போகலாம். அந்தச் சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டை ஊடறுத்துப் போகிறது. ஜிர்காடாங்கிலிருந்து வாகனங்கள் வரிசையாகக் காவலோடுதான் விடப்படும். நடுவில் நிறுத்தக்கூடாது, படமெடுக்கக்கூடாது. காப்பகத்துக்குள் போகும் பகுதியை மூடும்படி உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியும் போக்குவரத்து தொடர்கிறது. வேறு வழி இருக்கிற பயணி அந்தச் சாலையைத் தவிர்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் வழியாக லாங் ஐலேண்டுக்குப் போகும் கப்பல் இருக்கிறது. நான் அதில்தான் போனேன்.

லாங் ஐலேண்டில் கார்கள் ஓடுவதில்லை. ஜெட்டியிலிருந்து நடைபாதைதான். இருபுறமும் மரவீடுகள், செம்பருத்தி வேலி, பள்ளிக்கூடம், இரண்டு மூன்று தேநீர்க் கடைகள். ஒரு காலத்தில் இங்கே பிளைவுட் தொழிற்சாலை ஓடியது, காட்டு வேலைக்காகப் பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சோட்டாநாக்பூரிலிருந்து வந்தவர்களை அந்தமானில் ராஞ்சிக்காரர்கள் என்பார்கள். பர்மாவிலிருந்து 1925-ல் பிரிட்டிஷார் கொண்டுவந்த கரேன் மக்கள், வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், தமிழர்கள் எல்லோரும் சேர்ந்து இந்தியில் பேசிக்கொள்ளும் ஊர்கள் இந்தப் பக்கம் பல உண்டு. ஆலை மூடியதும் வேலை போயிற்று. பிள்ளைகள் படித்துப் போர்ட் பிளேருக்குப் போகிறார்கள். தேநீர்க் கடை அக்கா தமிழ் பேசினார். அவருடைய மகள் தமிழைப் புரிந்துகொண்டு இந்தியில் பதில் சொன்னாள்.

லாலாஜி பே கடற்கரைக்குக் காட்டு வழியே இரண்டு மணி நேரம் போல நடக்க வேண்டும். சிறிய மோட்டார் படகிலும் போகலாம். அதை அங்கே டுங்கி என்கிறார்கள். போகும்போது நடங்கள். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் படாக் மரம் எது, தாழை எது, எந்த ஓடையில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வருவார். வரும்போது டுங்கியில் வந்தால், கொடுத்துவைத்திருந்தால், ஓங்கில்கள் கூடவே நீந்தி வரும். எனக்கு வந்தன. தண்ணீரின் நிறத்தைப் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும் நீங்கள் படத்தில் பார்த்ததுதான் மனதுக்கு வரும், அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். கரை ஒதுங்கிக் கிடந்த பிளாஸ்டிக் போத்தல்களில் தாய்லாந்து, இந்தோனேசிய எழுத்துகளைப் பார்த்தேன். கூடவே நம்மூர்க் குடிநீர் போத்தல்களும் கிடந்தன. அந்த வேளையில் என்னால் செய்ய முடிந்தது ஒரு சாக்கு நிறையப் பொறுக்கிக்கொண்டு வருவது. அதைச் செய்தேன்.

போகிறவர்களுக்கு

எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

- டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் ஒப்பீட்டளவில் அமைதி. மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை.
- ஒவ்வொரு தீவுக்கும் இரண்டு நாள் கூடுதலாக வைத்துத் திட்டமிடுங்கள். மெயின்லேண்ட் விமானத்துக்கு முந்தின நாள் கப்பலை நம்ப வேண்டாம்.
- பணத்தாள் போதுமான அளவு கையில் இருக்கட்டும். நெட் நின்றால் ஃபோன் வழிப் பணமும் நின்றுவிடும்.
- உங்களுக்கு வேண்டிய மருந்துகளை நீங்களே கொண்டுபோங்கள். தீவு மருந்துக் கடையின் இருப்பு தீவு மக்களுக்கானது.
- எஃகுக் குப்பி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பப் போர்ட் பிளேருக்கே எடுத்து வாருங்கள்.
- கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும். போர்ட் பிளேரிலேயே சில ஆண்டுகளில் ஒன்றுவிட்டு ஒருநாள்கூடக் குழாயில் வராது. ஒரு வாளியில் குளியுங்கள்.
- சிப்பி, பவளம் எதையும் எடுக்காதீர்கள். சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் சோதிப்பார்கள்.
- டார்ச், மழைச் சட்டை, தேங்காய் எண்ணெய்.

இனி வரப்போவது

லிட்டில் அந்தமானின் மேற்கு, தெற்குக் கரைகளில் ஏழுவரி ஆமைகள் முட்டையிடுகின்றன. தோல் போன்ற முதுகுடைய, உலகின் மிகப் பெரிய கடலாமை அது. 2011-லிருந்து இங்கே சில ஆமைகளின் முதுகில் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். சில ஆஸ்திரேலியக் கரைக்கும் சில ஆப்பிரிக்காவின் பக்கமும் போய்ச் சேர்ந்தன. இரண்டு கண்டங்களுக்குப் போய்வருகிற உயிர், முட்டையிட இந்த மணலைத்தான் தேடி வருகிறது.

அந்தத் தீவுக்காக 2021-ல் நிதி ஆயோக்கின் ஒரு திட்ட ஆவணம் வெளியே தெரிந்தது. புதிய நகரம், விமான நிலையம், அதற்காகக் காப்புக்காட்டிலும் பழங்குடி ஒதுக்கீட்டிலும் ஒரு பகுதியை விடுவிப்பது என்று அதில் இருந்தது. கிரேட் நிக்கோபாரில், கலதியா விரிகுடாவில் துறைமுகம் உள்ளிட்ட பெரிய திட்டத்துக்கு 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதியே கிடைத்துவிட்டது. அதற்காக எடுக்கப்படும் காடு சுமார் 130 சதுர கிலோமீட்டர். கலதியாவும் ஏழுவரி ஆமைகளின் கரை.

லிட்டில் அந்தமான் திட்டத்தைப் பற்றி மளிகைக் கடைப் பெரியவரிடம் கேட்டிருந்தேன். "ஏர்போர்ட்டு வந்தா நல்லதுதான்னு சொல்லுவேன்னு பாக்குறீங்களா? எங்களுக்கு ஒழுங்கா ஓடுற கப்பல் வேணும். இன்னும் ரெண்டு டாக்டர் வேணும். பசங்களுக்கு ஒரு காலேஜ் வேணும். இத யாரும் கேக்கலையே தம்பி" என்றார். அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான்: காட்டைக் காப்பதும் மக்களுக்கு வசதி செய்வதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று காட்டப்படுகிறது. அங்கே கேட்கப்படுகிற வசதிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டியதில்லை.

பயணிகளாகிய நம் பங்கு சிறியது, ஆனால் இருக்கிறது. ஐந்து தீவுகளை ஒரே வாரத்தில் தொட்டுவிட்டு வருவதைவிட ஒன்றிரண்டில் நிதானமாகத் தங்குங்கள். கப்பலில் பிடிக்கும் இடமும் குறையும், அந்த ஊரில் செலவழிக்கும் பணமும் கூடும். வீட்டுக் குடில்களில் தங்குங்கள், ஊரில் விளைந்ததைச் சந்தையில் வாங்கிச் சாப்பிடுங்கள். டிக்கெட் வரிசையில் நோயாளியோடு நிற்கும் குடும்பத்தை முன்னால் விடுங்கள். உங்களுக்கு அன்று இடம் கிடைக்காமல் போகலாம். இன்னும் ஓரிரு நாள் அந்தத் தீவில் இருப்பீர்கள், அவ்வளவுதான்.